கை நனைக்காத ஆராய்ச்சி

சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டும் என்பது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வேறு துறைக்குப் போயிருப்பேன். எனக்குப் பசி பொறுக்காது. முதலில் கோபம் வரும், அப்புறம் தலைவலி வரும், அதற்கும் அப்புறம் யாரிடமாவது சண்டை வரும். பெரம்பலூரில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தைக் கேட்டே அம்மா தட்டை எடுத்து வைத்துவிடுவாள்.

பட்டினிக்குக் காரணம் என் ஆய்வு நெறியாளர். மாணவர்களுக்கெல்லாம் அவர் மேடம். "ஆய்வுக்குப் போற வீட்ல பச்சத்தண்ணி தவிர எதுவும் வாயில படக் கூடாது" என்பது அவருடைய சட்டம். எனக்கு முன் அவரிடம் ஆய்வு செய்த ஒரு அக்கா போன வீட்டிலெல்லாம் மரியாதைக்காகச் சாப்பிட்டாராம். அக்கா வருகிறார் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு கோழி அடித்திருக்கிறார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தால் அந்த ஊரில் சத்துக்குறைவு உள்ள ஆளே இல்லை. அக்காவுக்கு மட்டும் ரவிக்கையெல்லாம் இறுக்கமாகிவிட்டது. அன்றிலிருந்து சட்டம் அமலில் இருக்கிறது.

என் தலைப்பு ஐம்பது வயதை ஒட்டிய விவசாயக் குடும்பத்துப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் ஆளாளுக்கு எடை போடுகிறார்கள். பெற்று வளர்த்து முடித்த பெண்ணின் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆளில்லை. இந்தத் தலைப்பு எனக்கு என் அம்மாவைப் பார்த்துத்தான் தோன்றியது. அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் "சாப்ட்டேன்" என்பாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் அதற்கும் "சாப்ட்டேன்" என்றுதான் சொல்வாள்.

வேலை கேட்பதற்கு எளிது. ஒரு வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டும். முந்தைய நாள் காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுத்தது வரை அந்தப் பெண் வாயில் போட்டதெல்லாம் என்ன, எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். எவ்வளவு என்பதைக் காட்ட அளவுக் கிண்ணங்கள், கரண்டிகள், டம்ளர் எல்லாம் ஒரு பையில் என்னோடு வரும். அரியலூரிலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் நான் ஏறினாலே கடகடவென்று சத்தம். "என்னங்க, பாத்திர யாவாரமா? தவணைக்குக் குடுப்பீங்களா?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார். ஆராய்ச்சி என்றேன். "பாத்திரத்துலயா?" என்றார். அன்றைக்கு நான் காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன், அதனால் பதில் சொல்லவில்லை.

நான் சொல்லப்போகிற வீடு கல்லங்குறிச்சியைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருந்தது. அந்தத் தெருவில் நான் நுழைந்த முதல் வீடு அதுதான். வீட்டில் ஒரு அம்மாவும் மகனும். வீட்டுக்காரர் திருப்பூரில் வாட்ச்மேன், மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மகனுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. சொந்த நிலத்தில் முந்திரியும் நெல்லும் போட்டு, டிராக்டரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல உழைப்பாளி. ஆனால் விவசாயம் பார்க்கிற பையன் என்றதும் பெண் வீட்டார் போனை வைத்துவிடுகிற காலம் இது. அந்த அம்மா சில வருஷங்களாக மகனுக்குப் பெண் தேடித் தேடிச் சலித்திருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைப்பது என்றால் உட்கார்ந்து சாப்பிடுவது. காப்பி, பஜ்ஜியோடு நிறுத்திக்கொள்வார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். எனக்கு இது நன்றாகத் தெரியும். என்னைப் பார்க்க வருகிறவர்கள் கை நனைப்பார்களோ என்ற ஆசையில் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டு வாழையிலை வாங்கி வைப்பாள். அவர்கள் பஜ்ஜியோடு எழுந்துபோன பிறகு இலை எதிர்வீட்டு மாட்டுக்குப் போகும். என் கல்யாணப் பேச்சுகளால் அந்த மாடு நன்றாகவே தேறியிருந்தது.

இவ்வளவு தெரிந்த எனக்கு, நான் அந்த வீட்டுப் படியேறியபோது அந்த அம்மா என்னை என்னவென்று நினைத்தார் என்பது மட்டும் தெரியவில்லை. அந்த வாரம் ஒரு பெண் வீட்டிலிருந்து குடும்பத்தை விசாரிக்க ஆள் வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தாராம். சொல்லாமல் கொள்ளாமல்தான் வருவார்கள். தரகர் சொன்ன அந்த ஆள் கடைசிவரை வரவில்லை என்பது வேறு விஷயம். அதற்கு முன்பு ஒரு பெண் வீட்டார் ஆடு விலைக்குக் கேட்கிற மாதிரி ஆள் அனுப்பி வீட்டை நோட்டம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தத் தடவை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு படித்த பெண் ஒருத்தியை அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த அம்மா முடிவு கட்டிவிட்டார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முதலில் ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அதற்குள் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். இந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கவனமாகக் கேட்டார். நீங்கள் சொல்லும் தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று வாசித்தேன். "அதானங்க முறை" என்றார். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று வாசித்ததும் அவர் முகம் மாறியது.

"வெலகுற பேச்செல்லாம் எங்க குடும்பத்துல கெடையாதுங்க. ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்."

நல்லது என்று நினைத்துக்கொண்டு கடைசி வரிக்கு வந்தேன். "உங்களுக்குச் சம்மதமா?"

அந்த அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்குப் பரிபூரண சம்மதங்க. அவங்கப்பாகிட்டயும் போன்ல ஒரு வார்த்த சொல்லிடறேன்."

கையெழுத்துப் போடச் சொன்னேன். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு, ராகு காலம் முடியட்டும் என்று என்னைக் காத்திருக்க வைத்தார். முடிந்ததும் பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

அடுத்தது குடும்ப விவரம். நிலம் எவ்வளவு, சொந்த வீடா, சமையல் எதில், கழிப்பறை உண்டா, வீட்டில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா. இந்தக் கேள்விகளை எழுதியது நானேதான். மேடம் திருத்திக் கொடுத்தார். ஒரு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பவர்கள் கேட்பதும் இதே கேள்விகள்தான், ஏறக்குறைய இதே வரிசையில்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

"குடியா? எம் பையன் பாக்குகூடப் போட மாட்டாங்க. தம்பி, இங்க வாப்பா!"

டிராக்டருக்கு அடியிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வந்த மகனைப் பார்த்து அந்த அம்மா கண்ணாலேயே ஏதோ சொன்னார். அவன் உள்ளே போய், தலை சீவி, தேய்த்த வெள்ளைச் சட்டையில் திரும்பி வந்து நின்றான். நான் வணக்கம் சொன்னேன். அவன் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, கேட்காமலேயே, தான் டிப்ளமோ முடித்திருப்பதாகச் சொன்னான். கழிப்பறை உண்டா என்ற கேள்விக்கு அந்த அம்மா என்னை எழுப்பிக் கொல்லைப்புறம் கூட்டிப்போய், கதவைத் திறந்து, டைல்ஸைத் தொட்டுக் காட்டினார்.

பிறகுதான் சாப்பாட்டுக் கேள்வி. நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. காலையில் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. பதினோரு மணிக்கு ஆப்பிள். மதியம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, கெட்டித் தயிர். சாயங்காலம் சுண்டல். ராத்திரி சப்பாத்தி, குருமா. படுக்கும்போது பாதாம் பால்.

"தினமும் இப்படித்தானா?"

"எங்க வூட்ல இப்பிடித்தாங்க. வர்றவங்களுக்கும் அப்பிடித்தான்."

'வர்றவங்க' யார் என்று நான் கேட்டிருக்கலாம். நான் சந்தோஷத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அதுவரை போன வீடுகளிலெல்லாம் டீயும் பழைய குழம்புமாகவே எழுதி எழுதி மனம் சோர்ந்திருந்தது. ஒரு பெண்ணாவது தன் வயிற்றைக் கவனித்துக்கொள்கிறாளே என்று இருந்தது. அவர் கன்னம் ஒட்டியிருந்ததையும், புறங்கை நரம்பெல்லாம் வெளியே தெரிந்ததையும் பார்த்தேன்தான். உடல்வாகு என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பி வந்தது. நுரை ததும்பிய டம்ளரை எச்சில் ஊறப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, தப்பா நினைக்காதீங்க. எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "புரியுதுங்க. எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்பறம் சாப்ட்டுக்கலாம்."

எவ்வளவு அறிவியல் மனப்பான்மை என்று வியந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு வந்து, என் டப்பாவைத் திறந்து, ஆறிப்போன எலுமிச்சைச் சோற்றைத் தின்றேன். அதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்திருக்கிறார். காப்பியைக்கூடத் தொடாமல் வெளியே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்றால் முறை தெரிந்த பெரிய இடம்தான் என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது.

இரண்டாம் முறை போனபோது வாசல் சுவருக்கு வெள்ளையடித்திருந்தது. தின்பண்டத் தட்டுகள் மேஜையில் வரிசையாக இருந்தன. நான் எதையும் தொடவில்லை. அந்த அம்மா வற்புறுத்தவும் இல்லை. நேற்று சாப்பிட்டதாக அவர் சொன்ன பட்டியலில் இந்தத் தடவை பேரீச்சம்பழமும் நெய்யும் சேர்ந்திருந்தன. அளவுக் கிண்ணத்தைக் காட்டிக் கேட்டபோது பெரிய கிண்ணத்தையே தொட்டுக் காட்டினார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "பொண்ணு எந்த ஊருங்க?" என்றார்.

"எந்தப் பொண்ணு?"

"அட, எங்கிட்ட என்ன மறைப்பு? நல்ல குடும்பங்க. அந்தத் தம்பி தங்கம். நீங்க போய் நல்லதாச் சொல்லுங்க. பாவம், உங்க முடிவுக்காகத்தான் அந்த அக்கா காத்துக்கிட்டு இருக்குது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சம்மதமா என்று நான் கேட்டதும், ராகு காலமும், வெள்ளைச் சட்டையும், டைல்ஸும் ஒவ்வொன்றாக ஞாபகம் வர, பையில் கிண்ணமெல்லாம் குலுங்கச் சிரித்தேன். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஜன்னலை மூடியபோது அந்த வெள்ளையடித்த சுவர் ஞாபகம் வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. இல்லாத ஒரு பெண்ணுக்காக அந்த அம்மா வீட்டை அலங்கரித்துக்கொண்டிருந்தார். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "பாவம்டி. சீக்கிரம் போய்ச் சொல்லிடு. எதிர்பாத்துக்கிட்டு உக்காந்துருக்கறது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். எங்கள் வீட்டு வாழையிலைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்தத் தெருவில் நான் போன மற்ற வீடுகளிலும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வருகிறேன் என்று அந்த அம்மா சொல்லி வைத்ததால்தான் என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். அவர் கோபித்துக் கதவைச் சாத்தினால் தெருவே சாத்திவிடும். அவர் கோபிக்காவிட்டாலும், அவர் உண்மையில் என்ன சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியப்போவதில்லை. சொன்னதெல்லாம் எனக்காகச் சொன்னது இல்லையே. வராத சம்பந்திக்காகச் சொன்னது.

மூன்றாம் முறை போனது ஒரு சனிக்கிழமை. கல்லங்குறிச்சி பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்களால் பஸ் பிதுங்கியது. என் பாத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எப்படி ஆரம்பித்தாலும் கேவலமாகத்தான் இருந்தது.

வாசலிலேயே தாளிக்கிற வாசனை வந்தது. உள்ளே சுவரோரம் ஒரு கட்டு வாழையிலை சாய்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பேசி வைத்த பேச்செல்லாம் மறந்துபோய், நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் பொண்ணு வீட்டுலேருந்து வரலைங்க. எந்தப் பொண்ணும் இல்ல. நான் நெஜமாவே காலேஜ்ல ஆராய்ச்சிதான் பண்றேன். நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அந்த அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"அப்ப பொண்ணு இல்லியா?"

"இல்லம்மா."

"நான் என்ன சாப்ட்டேன்னு கேக்கத்தான் வந்தியா?"

"ஆமாம்மா."

"என்னையவா?" என்றார். "எதுக்கு?"

எதுக்கு என்பதற்கு என்னிடம் ஒரு அத்தியாயம் முழுக்கப் பதில் இருந்தது. "உங்கள யாரும் கேக்கலன்னுதாம்மா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மெதுவாக அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பதறிப் பக்கத்தில் போனால் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயைப் பொத்தி, "கக்கூஸெல்லாம் தெறந்து காட்டுனனே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அறைக்குள்ளிருந்து மகன் தலையை நீட்டினான். அன்றைக்கும் வெள்ளைச் சட்டைதான்.

"அப்ப நான் சட்டைய மாத்திக்கலாமா? டிராக்டர் வேல கெடக்குது."

"போடா போ" என்றார் அம்மா. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கிய பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. அதில் பெண் தேடிச் சலித்த அந்தச் சில வருஷங்களும் இருந்தன. நானும் நிலைப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அவரே எழுந்தார். ஒரு இலையை உருவித் தண்ணீர் தெளித்தார்.

"வா, உக்காரு."

"இல்லம்மா, நாங்க சாப்பிடக் கூடாதுன்னு..."

"இந்தா பாரு. சம்பந்தம் பேச வந்தவங்கதான் கை நனைக்கக் கூடாது. சம்பந்தமே இல்லன்னு ஆயிப்போச்சு. இன்னும் ஒனக்கு என்ன தட?"

இந்தக் கேள்விக்கு மேடத்தின் சட்டத்தில் பதில் இல்லை. இன்னொன்றையும் கவனித்தேன். அதுவரை என்னிடம் 'வாங்க, உக்காருங்க' என்று பேசியவர் வாயிலிருந்து 'ங்க' போய்விட்டிருந்தது. அது போனதில் எனக்கு என்னவோ பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

"நீங்களும் கூட உக்காந்தா சாப்பிடறேன்" என்றேன்.

"நான் அப்பறம் சாப்ட்டுக்கறேன்."

"அப்ப நானும் அப்பறமே சாப்ட்டுக்கறேன்."

என் பிடிவாதம் அவருக்குப் புரிந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு இலை போட்டார். முருங்கைக்காய் சாம்பார், கத்தரிக்காய்க் கூட்டு, பொரித்த அப்பளம், வடை, சேமியா பாயசம். வராத சம்பந்திகளுக்காகச் செய்ததை நாங்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து களத்தில் நான் சூடாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அதுதான். பேச்சே இல்லாமல் சாப்பிட்டேன். அவர்தான் பேசினார், சோற்றைப் பிசைந்துகொண்டே, கேட்காமலேயே.

"பாதாமாவது ஒண்ணாவது. நேத்து காலையில டீ, ரெண்டு வர்க்கி. அப்பறம் பத்து மணிக்குப் பழயசோறு. முந்தாநாத்துக் கொழம்பு சட்டியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதுலயே சோத்தப் போட்டுப் பெசஞ்சுக்கிட்டேன். மத்தியானம் முந்திரித் தோப்புக்குப் போயிட்டேன். வந்து பாத்தா அவன் சாப்ட்டு மிச்சம் கொஞ்சம் ரசஞ்சோறு இருந்துச்சு. ராத்திரி அவன் வெளியிலயே சாப்ட்டு வந்துட்டான். ஒருத்திக்காக என்னத்த அடுப்ப பத்த வைக்கிறது? ஒரு டம்ளர் மோரு. அவ்ளோதான்."

"முட்டை?"

"முட்ட அவனுக்கு. மஞ்சக்கரு அவனுக்குப் புடிக்காது, தள்ளி வச்சுருவான். அத நான் தின்னுக்குவேன். வடன்னா பாதி வப்பான், அது எனக்கு." இதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இல்லை. நான் கடித்த வடையை இலையிலேயே வைத்தேன். என் அம்மா சொல்லும் 'சாப்ட்டேன்' என்ற சொல்லுக்குள் இருப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

கை கழுவிவிட்டு வந்து அத்தனையையும் எழுதினேன். கிண்ணத்தைக் காட்டிக் கேட்டபோது சின்னதிலும் சின்னதைத் தொட்டு, "இதுலயும் தலதட்டி" என்றார். முன்பே இதைச் சொல்லியிருக்கலாமே என்று விளையாட்டாகக் கேட்டேன். "அப்ப நீ அசலாளு. இப்ப எங்க வூட்ல கை நனைச்சுட்ட. ஒங்கிட்ட என்ன மறைக்கறது?" என்றார்.

மேடத்திடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். முதலில் திட்டினார். அந்த இரண்டு நாள் பாதாம் பாலையும் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொன்னார். "மூணாவது தடவ மட்டும் நெஜத்தச் சொன்னாங்கன்னு எப்படி நம்புற?" என்றார்.

"அவங்க வீட்டுல கை நனைச்சேன் மேடம்."

மேடம் ஜெயங்கொண்டத்துக்காரர், எங்கள் பக்கம்தான். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். "அத ஆய்வு முறைன்னு ஆங்கிலத்துல எப்படி எழுதுவ?" என்றார். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் நான் சாப்பிட்டது இன்றைய சாப்பாடு, கேட்டது நேற்றைய சாப்பாடு, அதனால் ஒன்றும் கெடவில்லை என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வீட்டுக்கு இன்னும் இரண்டு முறை போகச் சொன்னார். அன்றிலிருந்து சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: கேள்வியெல்லாம் முடிந்த பிறகு கொடுத்தால் குடிக்கலாம், சாப்பிடலாம், அந்தப் பெண்ணும் கூட உட்கார்ந்தால் மட்டும். திருத்தம் வந்த பிறகு அந்தத் தெருவில் எனக்குக் கிடைத்த பதில்களில் ஆப்பிள் குறைந்தது, பழைய குழம்பு கூடியது. எனக்குத் தலைவலியும் குறைந்தது.

போன மாதம் ஒரு மதியம், வீட்டில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பேச்சுச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பாப்பா, வரதராஜன்பேட்டையிலேருந்து பொண்ணு வூட்டுக்காரங்க வந்தாங்க." ஒரு மூச்சு விட்டார். "கை நனைச்சுட்டாங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுப்படியிலிருந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்து, முன்பின் பார்த்திராத அந்த அம்மாவுக்காகச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். எங்கள் வீட்டில் இன்னும் யாரும் கை நனைக்கவில்லை என்பது அந்த நேரத்தில் அவளுக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும் ஞாபகம் இல்லை. பொண்ணு என்ன படித்திருக்கிறாள், தேதி குறித்தாயிற்றா என்று கேட்டேன். எல்லாம் சொன்னார். போனை வைக்கும் நேரத்தில் வழக்கமாக எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்.

"நீங்க சாப்ட்டீங்களாம்மா?"

"சாப்ட்டேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "இரு, கேக்கறது நீயாச்சே" என்று தொடங்கினார். "பொண்ணோட அம்மா விடல. பக்கத்துலயே எல போட்டு உக்கார வச்சுக்கிட்டாங்க. சோறு ஒன்னோட பெரிய கிண்ணத்துல ஒண்ணு. சாம்பாரு ரெண்டு கரண்டி. அவரக்காப் பொரியலு, அப்பளம், தயிரு. பாயசம் ஒரு டம்ளரு. வட ரெண்டு." அங்கே நிறுத்தினார். "பாதி இல்ல பாப்பா. முழு வட, ரெண்டு. எழுதிக்க."

களப்பணி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்தக் கணக்கு எந்த அத்தியாயத்திலும் சேராது. இருந்தாலும் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டேன்.